சின்னப் பிள்ளைகளோடு ஜெர்மனி: ஹாம்பர்கா, பெர்லினா, மியூனிக்கா?

ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனியில் ஏதாவது ஒரு நகரத்தில் மூன்று நான்கு நாள் தங்க வேண்டும், எங்கே போகலாம் என்று நண்பர்கள் கேட்டால் ஹாம்பர்க் என்றுதான் சொல்வேன். கேட்பவர்களில் பலருக்கு முகம் சுருங்கும். பெர்லின் என்றால் பிராண்டன்பர்க் வாயில், மியூனிக் என்றால் அரண்மனையும் ஆல்ப்ஸ் மலையும் என்று எல்லோர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. ஹாம்பர்க் என்றால் துறைமுகம் என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றாது. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குத் துறைமுகத்தைவிடப் பெரிய வேடிக்கை வேறு என்ன இருக்கிறது?

பெரியவர்கள் ஊர் பார்க்கும் கணக்கு பிள்ளைகளுக்கு ஒத்துவராது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம்தான் அவர்கள் தாங்குவார்கள். காலையில் அது முடிந்தால் மத்தியானம் தூக்கம், அல்லது தூக்கம் வராத அழுகை, சாயங்காலம் பக்கத்தில் ஒரு விளையாட்டுத் திடல், அவ்வளவுதான் நாள். அதனால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எவ்வளவு நீளம் என்பது எனக்கு முக்கியமில்லை. மூன்று விஷயம்தான் பார்ப்பேன். தங்குமிடத்திலிருந்து எத்தனை வண்டி மாற வேண்டும்? மழை வந்தால் எங்கே ஒதுங்குவது? போகிற வழியே பிள்ளைக்கு ஒரு விளையாட்டாக இருக்குமா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலான பயணக் குறிப்புகள் கண்டுகொள்வதில்லை. நாளில் பாதியை நாம் வழியில்தானே கழிக்கிறோம்?

வழியே விளையாட்டு

ஹாம்பர்க் ஜெயிப்பது இங்கேதான். லாண்டுங்ஸ்ப்ரூக்கன் என்ற படகுத்துறையிலிருந்து 62-ம் எண் படகு கிளம்பி எல்பே ஆற்றில் பின்கன்வெர்டர் வரை போகிறது. இது வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் சாதாரணப் படகு. நகர ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எடுத்த டிக்கெட்டே இதற்கும் செல்லும். 6 வயதுக்குள் இருப்பவர்களுக்கு டிக்கெட்டே வேண்டாம். அதே ஆற்றில் சுற்றுலாப் படகுகள் தனிக் காசு வாங்கிக்கொண்டு ஓடுகின்றன, ஆனால் சின்னப் பிள்ளைக்கு இந்தப் படகே போதும். மேல்தளத்தில் போய் நின்றால் கப்பல் பழுதுபார்க்கும் தளங்கள், இழுவைப் படகுகள், மலை மாதிரி அடுக்கிய கண்டெய்னர்கள் என்று அரை மணி நேரமும் கண்ணுக்கு வேலை இருக்கும். காற்று பலமாக அடிக்கும் என்பதால் கோடையிலும் பிள்ளைக்கு ஒரு தொப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நோய்ம்யூலன் துறையில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆற்றங்கரையில் நிஜமான மணல் கடற்கரை மாதிரி விரிகிறது. பிள்ளைகள் மணல் தோண்டிக்கொண்டிருக்க, எதிரே ராட்சதச் சரக்குக் கப்பல்கள் மெதுவாக நகர்ந்து போகும். கரையோடு நடந்தால் ஒரு பெரிய பாறை நிற்கும். 1999-ல் ஆற்றை ஆழப்படுத்தும்போது கிடைத்தது, எடை 217 டன். பனியுகத்தில் பனிப்பாறைகள் ஸ்வீடனிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த கல் என்பதால் அதற்குப் பெயரே ‘கிழட்டு ஸ்வீடன்காரன்’. இந்தக் கதையைச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளை அந்தக் கல்லை விட்டு நகராது. ஆற்றில் மட்டும் இறங்க விடாதீர்கள். பெரிய கப்பல் போன பிறகு வரும் அலையும் இழுப்பும் ஆபத்தானவை.

படகுத்துறைக்குப் பக்கத்திலேயே 1911-ல் திறந்த பழைய எல்பே சுரங்கப்பாதை இருக்கிறது. லிப்டில் ஆற்றுக்கு அடியில் இறங்கி 426 மீட்டர் நடந்தால் மறுகரை. நடந்து போக காசு கிடையாது. சுவரில் மீன், நண்டு போன்ற நீர்வாழ் உயிர்களின் சுடுமண் சிற்பங்கள் பதித்திருக்கிறார்கள். அவற்றைத் தேடிக்கொண்டே நடந்தால் தூரம் தெரியாது. மழைக்கும் பயமில்லை.

பெர்லினில் இதற்கு ஈடாக 100-ம் எண் பஸ்ஸைச் சொல்லலாம். ஸோ ரயில் நிலையத்திலிருந்து அலெக்சாண்டர் சதுக்கம் வரை போகும் மாடி பஸ். மேல்தளத்தில் முன்வரிசை கிடைத்தால் வெற்றித் தூண், குடியரசுத் தலைவர் மாளிகை, நாடாளுமன்றம், பிராண்டன்பர்க் வாயில் பக்கம் என்று நகரத்தின் முக்கிய இடங்களில் பாதியை ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு மாடி பஸ்ஸே போதும், பெரியவர்களுக்கும் கட்டடங்களைப் பார்த்த திருப்தி கிடைக்கும். ஆனால் அந்த பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெர்லினின் அளவு தெரிய ஆரம்பிக்கும். ஏறக்குறைய 890 சதுர கிலோமீட்டர் நகரம். ஒரு மிருகக்காட்சிசாலை மேற்கில், இன்னொன்று கிழக்குக் கோடியில், பழைய விமான நிலையப் பூங்கா தெற்கில். ஒரு வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு இடங்களுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். ஸ்ட்ரோலர் இருந்தால் லிப்ட் தேடும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மியூனிக் இந்த விஷயத்தில் நல்ல ஊர். மையம் அடக்கமானது, சுரங்க ரயில் நிலையங்கள் துப்புரவாக இருக்கும், டிராமும் உண்டு. ஆனால் வழியில் பிள்ளை வாய்பிளந்து பார்க்கிற மாதிரி ஒன்றும் இல்லை. மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் நகராட்சிக் கட்டடத்தின் பொம்மைக் கடிகாரத்தைப் பார்க்க எல்லோரும் கூடுவார்கள். காலை 11 மணிக்கும் 12 மணிக்கும் பொம்மைகள் சுழலும், குதிரை வீரர்கள் மோதுவார்கள், கடைசியில் உச்சியில் தங்கச் சேவல் கூவும். அந்தச் சேவல் கூவும் வரை மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பது கஷ்டம். போகிற போக்கில் பார்த்தால் சரி, அதற்காக ஒரு காலையை ஒதுக்க வேண்டாம்.

மழை நாள்

ஜெர்மனியில் எந்த மாதத்திலும் மழை வரும். அதனால் கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஹாம்பர்கின் பழைய கிடங்கு வட்டாரம் ஷ்பைஷர்ஷ்டாட். காபியும் கம்பளமும் அடுக்கியிருந்த அந்தச் செங்கல் கட்டடங்கள் 2015 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில்தான் மினியாட்டூர் வுண்டர்லாண்ட், உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் உலகம். 2001-ல் திறந்தார்கள். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில் ஆல்ப்ஸ் மலையும் ஹாம்பர்க் நகரமும் அமெரிக்காவும் இத்தாலியும் இருக்கின்றன. ஸ்காண்டிநேவியப் பகுதியில் நிஜத் தண்ணீரில் கப்பல் ஓடுகிறது. விமான நிலையப் பகுதியில் விமானங்கள் ஓடுபாதையில் ஓடி மேலே எழும்புகின்றன. சற்று நேரத்துக்கு ஒருமுறை விளக்குகள் மங்கி ‘இரவு’ வரும், ஊர் முழுக்கச் சின்ன விளக்குகள் எரியும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொத்தான்கள். ஓரத்தில் நிறைய வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் எங்கேயோ ஒன்று அசையும். பார்க்கிற இடமெல்லாம் ‘தொடாதே’ என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. ஒரு மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விடுமுறை நாட்களில் உள்ளே நெருக்கியடிக்கும், நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் போனால் வாசலிலேயே பாதி நாள் போய்விடும். ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நகர முடியாது. இரண்டு வயதுக்குள் என்றால் முதுகில் கட்டும் பை எடுத்துப் போங்கள்.

மழைக்கு ஒதுங்குவதில் மட்டும் பார்த்தால் பெர்லின் ஹாம்பர்க்கைவிட ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் மிகச் சிறிய பிள்ளைகளுக்கு. யூத அருங்காட்சியகத்துக்கு எதிரே, பழைய பூச்சந்தைக் கட்டடத்துக்குள் 2021-ல் திறந்த அனோஹா என்ற குழந்தைகள் உலகம் இருக்கிறது. பைபிள் கதையில் வரும் நோவாவின் பேழையை வட்டமான மரக்கப்பலாகக் கட்டி, பழைய பொருட்களிலிருந்து கலைஞர்கள் செய்த 150-க்கும் மேற்பட்ட மிருகங்களை அதில் வைத்திருக்கிறார்கள். ஏறலாம், நுழையலாம், தண்ணீரில் படகு விடலாம். அனுமதி இலவசம், ஆனால் இதற்கும் நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். கொடுத்த காசுக்குப் பார்த்தே தீர வேண்டும் என்ற பதற்றம் இல்லாத இடம் என்பதால் பிள்ளை அழுதால் அரை மணியில் கிளம்பிவிடலாம். சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் எல்லா ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

அதோடு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் 13.27 மீட்டர் உயர டைனோசர் எலும்புக்கூடு நிற்கும். 1909 முதல் 1913 வரை இன்றைய தான்சானியாவில், அது ஜெர்மனியின் காலனியாக இருந்தபோது, தோண்டி எடுத்து வந்தவை அந்த எலும்புகள். டைனோசர் பைத்தியம் பிடித்த ஐந்து ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் ஹாம்பர்கை மறந்துவிட்டு பெர்லினுக்கே போங்கள், நான் தடுக்க மாட்டேன். இந்த இரண்டு இடங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை.

மியூனிக்கில் டாய்ச்சஸ் மியூசியம், இஸார் ஆற்றின் தீவில். அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உலகப் புகழ் பெற்றது. அங்கே 3 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. உள்ளே நுழைந்து தந்தியைத் தடவக்கூடிய ராட்சத கித்தார், ஏறி உட்காரக்கூடிய தீயணைப்பு வண்டி. பகுதி பகுதியாகப் புதுப்பித்து வருகிறார்கள், அதனால் என்ன திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். வண்டி, ரயில் என்று கிடக்கும் பிள்ளைகளுக்கு இதே மியூசியத்தின் போக்குவரத்துப் பிரிவு நல்லது. அது தீவில் இல்லை, அக்டோபர்பெஸ்ட் என்ற பியர் திருவிழா நடக்கும் திடலுக்கு மேலே தனிக் கட்டடத்தில் இருக்கிறது.

மிருகக்காட்சிசாலை

மூன்று ஊரிலும் நல்ல மிருகக்காட்சிசாலை உண்டு, ஆகவே இதை வைத்து ஊரைத் தீர்மானிக்க வேண்டாம். பாண்டா பார்க்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் மட்டும் பெர்லின். ஜெர்மனியில் அங்கேதான் இருக்கிறது. 1844-ல் திறந்த அந்தக் காட்சிசாலை நகரின் மேற்கு மையத்தில், ஸோ ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. கிழக்கில் இருக்கும் இன்னொரு காட்சிசாலையான டியர்பார்க் 160 ஹெக்டேர், சிறு கால்களுக்கு அது தாங்காது. மியூனிக்கின் ஹெல்லாபிரன் ஆற்றோரம் மரநிழலில் இருக்கிறது. கோடையில் நடக்க மூன்றிலும் இதமானது அதுதான்.

ஹாம்பர்கின் ஹாகன்பெக் 1907-ல் கம்பிக் கூண்டுகளை எடுத்துவிட்டு அகழிகளை வைத்து மிருகங்களைத் திறந்தவெளியில் காட்டிய முன்னோடி. சுரங்க ரயில் வாசலிலேயே விடும். ஆனால் அந்தப் பெயருக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் கார்ல் ஹாகன்பெக் பல நாட்டு மனிதர்களைக் கொண்டுவந்து, மிருகங்களோடு சேர்த்து ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். 1880-களில் இலங்கையிலிருந்தும் அப்படிக் கூட்டிவந்தார்கள். பிள்ளைகளுக்கு இப்போதே சொல்ல வேண்டியதில்லை. நாம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இதைச் சொல்லும்போது பெர்லின் பற்றி ஒன்று. அந்த ஊரில் வரலாறு கனமாக இருக்கிறது. கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் கற்கள் இருக்கின்றன, பிள்ளைகள் அவற்றைப் பார்த்ததும் கண்ணாமூச்சி ஆடத்தான் ஓடுவார்கள். அது அவர்கள் தப்பு இல்லை. அந்த இடத்துக்கு நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகாமல் இருப்பதுதான் மரியாதை என்பது என் கருத்து. வேண்டுமானால் பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போய் வரலாம். ஓடுவதற்கு டெம்பல்ஹோஃப் இருக்கிறது. 2008-ல் மூடிய விமான நிலையத்தை 2010-ல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்ப்பதே சந்தோஷம்.

சாப்பாடும் கோடையும்

மியூனிக்கை நான் இதுவரை கொஞ்சம் கீழே வைத்துவிட்டது போலத் தோன்றலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என் கணக்கு மாறும், முக்கியமாக மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை என்றால். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில், பியர் தோட்டம் என்று சொல்லப்படும் திறந்தவெளி உணவகங்களில் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம். 1999-ல் வந்த மாநில விதியிலேயே இந்த வழக்கம் இடம்பெற்றிருக்கிறது. குடிப்பதற்கு மட்டும் அங்கே வாங்க வேண்டும், பழச்சாறோ எலுமிச்சை சோடாவோ போதும். மேசை விரிப்பு இல்லாத மேசையாகப் பார்த்து உட்காருங்கள். காலையில் தங்குமிடத்தில் பிசைந்து டப்பாவில் அடைத்த தயிர் சாதத்தை, மரநிழலில், யாரும் ஒரு மாதிரி பார்க்காமல் பிள்ளைக்கு ஊட்டலாம். வெளிநாட்டுப் பயணத்தில் பிள்ளை சாப்பிடவில்லையே என்று தவிக்கும் அம்மா அப்பாவுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. ஆங்கிலப் பூங்காவில் இருக்கும் சீனக் கோபுரத் தோட்டத்தில் பக்கத்திலேயே பழைய மரக் குதிரை ராட்டினமும் உண்டு.

சாப்பிட்ட பிறகு இஸார் கரைக்குப் போகலாம். 2000 முதல் 2011 வரை நகருக்குள் 8 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த ஆற்றைக் கான்கிரீட் கரையிலிருந்து விடுவித்து, கூழாங்கல் திட்டுகளாக மாற்றினார்கள். ஹெல்லாபிரன் பக்கத்தில் ஃப்ளௌஹர் என்ற இடத்தில் ஆழமில்லாத ஓரங்களில் பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடலாம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், இழுப்பு அதிகம். ஆங்கிலப் பூங்காவுக்குள் ஓடும் ஐஸ்பாஹ் கால்வாயிலோ எந்த நாளிலும் பிள்ளைகளை இறக்கவே கூடாது.

மியூனிக்கின் குறை காசு. மூன்றிலும் அறை வாடகை அதிகம் அங்கேதான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை அக்டோபர்பெஸ்ட் நேரத்தில் வாடகை எங்கோ போய்விடும், ரயிலெல்லாம் குடித்த கூட்டம். அந்த வாரங்களில் பிள்ளைகளோடு அந்த ஊருக்குப் போகவே வேண்டாம். பெர்லினில் அறை சற்று மலிவு, சைவச் சாப்பாட்டுக்கும் அங்கேதான் வழி அதிகம். ஹாம்பர்கில் படகுத்துறைக்கு நேர் மேலே குன்றின் மீது யூத் ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. குடும்ப அறைகள் உண்டு, காலை உணவு உண்டு, உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும். அங்கே தங்கினால் மேலே சொன்ன படகும் சுரங்கமும் காலடியில்.

எந்த ஊரானாலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பாலும் பழமும் டயப்பரும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் திறந்திருக்கும். வெளியே சுற்றும்போது டயப்பர் மாற்ற, சோப்பு, குழந்தைப் பொருட்கள் விற்கும் டிஎம் (dm) என்ற கடைகளில் மேசையும் இலவச டயப்பரும் வைத்திருப்பார்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு

கோடையில் நமக்கும் ஜெர்மனிக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். முதல் சில நாள் பிள்ளைகள் விடிகாலை மூன்று நான்கு மணிக்கே எழுந்துவிடுவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குக் கண் சொக்கும். ஊர் முழுக்க மூடிக் கிடக்கும் அந்த நேரத்தில் என்ன செய்வது? ஹாம்பர்கில் ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை கோடையில் காலை 5 மணிக்கே தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். மீனோடு பழக்கூடை, பூ, பாட்டு, கூவிக் கூவி விற்கும் வியாபாரிகள் என்று ஒரே களை. சனிக்கிழமை வந்திறங்குகிற மாதிரி திட்டமிட்டால் அந்த முதல் விடியல் வீணாகாது. ராத்திரி நிகழ்ச்சி எதற்கும் முதல் இரண்டு நாள் காசு கட்டாதீர்கள்.

பிராங்க்பர்ட்டில் இறங்கினால் அதிவேக ரயில் நிலையம் விமான நிலையத்திலேயே இருக்கிறது. மியூனிக் மூன்றரை மணி நேரம், ஹாம்பர்கும் பெர்லினும் நான்கு மணியை ஒட்டி. 6 வயதுக்குள் இலவசம். 6 முதல் 14 வரை பெரியவர்களோடு போனால் கட்டணமில்லை, ஆனால் டிக்கெட் எடுக்கும்போது அவர்களையும் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும். இருக்கைக்குத் தனியாக முன்பதிவு செய்யுங்கள். பல ரயில்களில் கைக்குழந்தைக்காரர்களுக்கென்று தனி அறை இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் நான்கு மணி நேரமும் ஓடிப்போகும்.

இரவெல்லாம் விமானத்தில் வந்த பிள்ளைகளுக்கு அந்த நான்கு மணி நேரம் அதிகம் என்று தோன்றினால் நியூரம்பர்க்கை யோசியுங்கள். பிராங்க்பர்ட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சின்ன ஊர், கோட்டை மேட்டைத் தவிர எல்லாம் நடக்கிற தூரம். 1835-ல் ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் ஓடியது இங்கிருந்து பக்கத்து ஊர் ஃபியுர்ட் வரைக்கும்தான், ரயில் அருங்காட்சியகம் அதனால்தான் இங்கே இருக்கிறது. பொம்மை அருங்காட்சியகமும் உண்டு, பக்கத்து ஊரான ஸிர்ண்டோர்ஃபில் பிளேமொபில் என்ற பொம்மை நிறுவனத்தின் விளையாட்டுப் பூங்காவும் உண்டு. சுரங்க ரயிலில் இரண்டு தடங்கள் ஓட்டுநரே இல்லாமல் ஓடுகின்றன. முன்பெட்டியின் முதல் இருக்கையில் உட்கார்ந்தால் சுரங்கம் முழுக்கக் கண் முன்னே விரியும், பிள்ளைக்குத் தானே ரயில் ஓட்டுகிற மாதிரி இருக்கும். நாலு நாளுக்கு இந்த ஊர் போதாது. இரண்டு நாளுக்கு மூன்று பெரிய ஊர்களையும்விட இதுவே மேல், அதுவும் டிசம்பரில். அந்த மாதம் பெரிய கிறிஸ்துமஸ் சந்தைக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்கென்று ராட்டினங்களோடு தனிச் சந்தை போடுகிறார்கள். நான்கு மணிக்கே இருட்டிவிடும், அதனால் மத்தியானத் தூக்கத்தை முன்னால் தள்ளி, விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.